ஷாமிளாவின் ஆகஸ்ட் லீவு

பள்ளிக்கூடம் மூடப் போகிறது என்றால் தோட்டத்துக் கீழ் டிவிசன் லயத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கால் தரையில் நிற்காது. காத்தமுத்துவுக்கு மட்டும் பயம் பிடித்துக்கொள்ளும். ஏப்ரலில் ஒரு தடவை, ஆகஸ்டில் ஒரு தடவை, டிசம்பரில் ஒரு தடவை என்று வருசத்துக்கு மூன்று முறை அந்தப் பயம் தப்பாமல் வந்துவிடும். போன வருசம் ஆகஸ்டில் அவன் மகள் ஷாமிளா காம்பராச் சுவரில் தலையை மோதி மோதி நெற்றியைப் பிளந்துகொண்டாள். ஏன் மோதினாள் என்று அவளிடம் கேட்டுப் பயனில்லை. ஒன்பது வயதாகியும் அவள் வாயிலிருந்து ஒரு சொல் வந்ததில்லை. காலையில் பையை மாட்டிக்கொண்டு நின்றவளை யாரும் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போகவில்லை, அவ்வளவுதான் காரணம். நேற்று இருந்த ஒன்று இன்றைக்கு இல்லை என்றால் அவளுக்குத் தாங்காது.

அவன் றப்பர் மலையில் பால் வெட்டுகிறவன். தெஹியோவிட்ட டவுனிலிருந்து மூன்று கட்டை தூரம் மேலே ஏறினால் அவன் தோட்டம். மனைவி விஜயகலா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய் நாலு வருசம். வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்க்கும் புள்ளக்காம்பராவில் ஐந்து வயசுக்கு மேல் பிள்ளைகளை வைத்திருக்க மாட்டார்கள். அக்கம்பக்கத்துப் பெண்களும் எத்தனை நாளைக்குத்தான் பார்ப்பார்கள்? "அண்ணே, ஒங்க புள்ள சத்தமே இல்லாம எந்திரிச்சுப் போயிருதுண்ணே, எனக்குப் பயமா இருக்கு" என்று ஒவ்வொருத்தியும் நயமாகக் கையை விரித்துவிட்டாள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது.

அதற்கு அடுத்த வருசம், அதாவது சுனாமி வந்து போன பிறகு வந்த ஆகஸ்ட் லீவுக்கு முன், ஜெனிற்றா டீச்சர் அவனைப் பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிட்டு அனுப்பினாள். இரத்தினபுரியில் நாலு சனிக்கிழமை இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கான ஏதோ பயிற்சிக்குப் போய்வந்த டீச்சர். அதே லயத்து மூக்காயியும் வந்திருந்தாள். அவள் மகன் ஸ்ரீதரன் ஷாமிளாவுக்கு நேர் எதிர். ஒரு நிமிசம் ஓர் இடத்தில் குந்த மாட்டான், வாயும் மூடாது.

"லீவுக்கு என்னா செய்யப் போறீங்க ரெண்டு பேரும்?" என்று டீச்சர் கேட்டாள்.

"என்னாத்தச் செய்யிறது டீச்சர், கயித்துல கட்டிப் போடலாம்னு இருக்கேன்" என்றாள் மூக்காயி. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் போன லீவில் அவள் உண்மையாகவே கட்டிப்போட்டாள் என்பது லயத்துக்கே தெரியும்.

டீச்சர் சிரிக்கவில்லை. "இங்க பாருங்க. இந்தப் புள்ளைகளுக்குப் பைத்தியமும் இல்ல, பேயும் புடிக்கல. இவுங்க மூள வேற மாதிரி வேல செய்யிது, அவ்வளவுதான். பள்ளிக்கூடம் இருந்தா மணி அடிக்கும், இன்னது முடிஞ்சா இன்னதுன்னு இருக்கும். லீவுன்னா ஒண்ணுமே இல்ல. அதுதான் தாங்க முடியல. அதனால லீவுக்கும் நாம ஒரு பள்ளிக்கூடம் மாதிரி போட்டுக் குடுக்கணும். ஷாமிளாவுக்கு என்னா புடிக்கும், சொல்லுங்க."

காத்தமுத்து யோசித்தான். என்ன பிடிக்கும் என்று இதுவரை யாரும் அவனைக் கேட்டதில்லை. எதெல்லாம் செய்யமாட்டாள் என்றுதான் கேட்பார்கள்.

"ஒட்டுப்பால் உரிக்கப் புடிக்கும் டீச்சர்" என்றான் கடைசியில். முந்திய வெட்டில் வழிந்த பால் பட்டையில் காய்ந்து நாடா மாதிரி ஒட்டியிருக்கும். மறுபடி வெட்டுவதற்கு முன்னால் அதை உரித்து எடுக்க வேண்டும். ஷாமிளா அறுபடாமல் ஒரே இழுப்பில் முழு நீளத்தையும் உரிப்பாள். இருபது வருசம் வெட்டிய அவனுக்கே அது முடியாது.

"அப்புறம்?"

"பீலியில கொட்டுற தண்ணியில கைய வச்சுக்கிட்டு நிப்பா. பால் புடிக்கிற செரட்டைகளப் பெருசு சிறுசுன்னு அடுக்குவா. பஸ்ஸுன்னா உசுரு. ஏறணும்னு இல்ல, சில்லு சுத்துறதப் பாத்தாப் போதும்."

"போதுமே! நாலும் இருக்கே!" டீச்சருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "காலையில மல, பத்து மணிக்குச் செரட்ட, மத்தியானம் பீலி, ஞாயித்துக்கெழம பஸ். ஒவ்வொண்ணையும் படமா வரைஞ்சு செவத்துல ஒட்டுங்க. நாளைக்கு என்னான்னு இன்னைக்கே காட்டுங்க. முடிஞ்சத அவ கையாலயே கோடு போட விடுங்க."

"எனக்கு வரைய வராதே டீச்சர்."

"கோழி கிண்டுன மாதிரி வரைஞ்சாலும் அவளுக்கு வெளங்கும். எல்லாருக்கும் வெளங்கணும்னு இல்லையே."

கிளம்பும்போதுதான் அவன் சொன்னான். "டீச்சர், ஆகஸ்ட் மொதல் கெழமையில அவ அம்மா வாறா. ஒரு மாச லீவு."

"அப்படியா? அப்ப அம்மாவயும் அந்தப் படத்துல சேத்திருங்க. அம்மாவுக்கும் ஒரு வேல குடுங்க. படத்துல இல்லாத ஆளு புள்ளைக்கு வீட்டுல இல்லாத ஆளுதான்."

பழைய கலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் அவன் நாலு நாள் உட்கார்ந்து வரைந்தான். மரம் விளக்குமாறு மாதிரி வந்தது. பஸ் பெட்டி மாதிரி வந்தது. சில்லுகளை மட்டும் கவனமாக வட்டமாகப் போட்டான். விஜயகலாவை வரையவில்லை. மறந்துவிட்டான் என்று பின்னால் சொன்னான். அது பொய். வந்துவிட்டுப் போகிற ஒருத்தியைச் சுவரில் வரைந்து ஒட்டினால் அவள் போன பிறகு பிள்ளை அந்தப் படத்தைப் பார்த்துத் தலையை மோதுமே என்று அவன் பயந்தான். பயம் நியாயமானதுதான். ஆனால் அதற்கு அடியில் இன்னொன்றும் இருந்தது; அதை அவன் அப்போது கிண்டிப் பார்க்கவில்லை.

விஜயகலா வந்து இறங்கிய அன்று லயமே கூடிவிட்டது. நிறம் வெளுத்து, கொஞ்சம் சதை போட்டு, மணக்க மணக்க வந்திருந்தாள். பையைக் கீழே போட்டுவிட்டு "என் தங்கமே" என்று ஓடிப்போய் மகளைக் கட்டிப்பிடித்தாள். ஷாமிளா கத்திய கத்தலில் பக்கத்து லயத்து நாய்கள் குரைத்தன. அம்மாவின் கையைக் கடித்துவிட்டு, காம்பரா மூலையில் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.

"கொஞ்ச நாளாகும் கலா" என்றான் காத்தமுத்து.

"எத்தன நாளு?"

"யாருக்குத் தெரியும்."

அவள் கடிபட்ட கையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கூட்டம் கலைந்து, வெறுந்தேத்தண்ணி குடித்து முடித்த பிறகுதான் பேசினாள்.

"ஒரு விசயம் சொல்றேன், கேட்டுக்கங்க. அங்க மேடம் இன்னும் ரெண்டு வருசத்துக்கு வரச் சொல்லி டிக்கெட்டும் குடுத்துத்தான் அனுப்பியிருக்கா. ஆனா நான் முடிவு பண்ணல. நம்ம புள்ள என்னயத் தேடுனா நான் போகமாட்டேன். கஞ்சியோ தண்ணியோ குடிச்சுக்கிட்டு இங்கயே கெடப்பேன். தேடாட்டி... நான் இருந்து என்னா பிரயோசனம்? அங்கயாவது மேடத்தோட புள்ள ஒண்ணு என்னயத் தேடுது. நான் பாத்ரூம் போனாக்கூட கதவத் தட்டுது அது."

அவள் எழுந்து சுவரில் ஒட்டியிருந்த படங்களைப் பார்த்தாள். ஒவ்வொன்றாக விரலை வைத்துப் பார்த்தாள்.

"இது நீங்க. இது அவ. இது மரமா, வெளக்குமாறா?"

"மரந்தான்."

"நான் எங்க?"

"மறந்துட்டேன்" என்றான்.

அடுத்த நாளிலிருந்து லீவு, படத்தில் இருந்தபடியே நடந்தது. விடிந்து ஆறு மணிக்கு அப்பாவும் மகளும் மலைக்குப் போனார்கள். காத்தமுத்துவுக்கு மேல் துண்டு, கீழ் துண்டு என்று இரண்டு துண்டு மரங்கள். ஒரு நாள் மேல் துண்டு, மறுநாள் கீழ் துண்டு. ஒரே மரத்தை நாள்தோறும் வெட்டினால் பட்டை தாங்காது. ஷாமிளா முன்னால் போய் ஒட்டுப்பாலை உரிப்பாள். அவன் பின்னால் வந்து சரிவாகக் கத்தியை இழுப்பான். வெள்ளைப் பால் கோட்டோடு இறங்கிச் சிரட்டையில் சொட்டத் தொடங்கும். அடுத்த மரத்தில் எட்டாத உயரத்தில் ஒட்டுப்பால் இருந்தால் அவள் திரும்பி வந்து அவன் மணிக்கட்டைப் பிடித்து, அந்த இடத்தில் கொண்டுபோய் அவன் விரலை வைப்பாள். முகத்தைப் பார்க்க மாட்டாள். கையை மட்டும் பார்ப்பாள். அவன் கையைத் தவிர வேறு யார் கையையும் அவள் தொட்டதில்லை, டீச்சர் கையைக்கூட. அவன் கையைத் தொடவே மூன்று வருசம் ஆனது.

வேலுசாமி கங்காணி இரண்டாம் நாளே வந்துவிட்டார். "காத்தமுத்து, புள்ளைய மலைக்குக் கூட்டியாராதன்னு எத்தன தடவ சொல்றது? தொர கண்டா என்னயத்தான் கிழிப்பாரு."

"புள்ள வேல செய்யல கங்காணி. லீவுக்கு வெளையாடுது."

"ஒட்டுப்பால் உரிக்கிறதா வெளையாட்டு?"

"அவளுக்கு அதுதான் வெளையாட்டு. நீங்க வேணும்னா இன்னைக்கு நிப்பாட்டிப் பாருங்க, அவ போடுற சத்தத்துக்கு தொர பங்களாவுல இருந்தே எறங்கி வருவாரு."

கங்காணி ஷாமிளாவைப் பார்த்தார். அவள் ஒரே இழுப்பில் ஒரு முழ நீளத்தை உரித்து எடுத்தாள். "ஆத்தாடி" என்றார் கங்காணி. "நம்ம வெட்டுக்காரப் பயலுக எவனுக்கும் இது வராதே." அதற்குப் பிறகு அவர் அந்தப் பக்கம் வந்தாலும் வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டு போனார்.

எட்டு மணிக்கு விஜயகலா ரொட்டியும் சம்பலும் தேத்தண்ணியும் எடுத்துக்கொண்டு ஒற்றையடிப் பாதையில் வருவாள். வாழை இலைத் துண்டில் மகளுக்கு வைப்பாள். கொஞ்சம் தள்ளிப் போய் உட்கார்ந்துகொள்வாள். ஷாமிளா ரொட்டியைத் தின்பாள், அம்மாவைப் பார்க்க மாட்டாள். மத்தியானம் பீலியில் இரண்டு பேரும் பக்கம் பக்கமாக நின்று தண்ணீரில் கையை வைத்துக்கொண்டிருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை தெஹியோவிட்ட பஸ் ஹோல்ட்டில் நின்று சில்லுகளைப் பார்ப்பார்கள். குவைத்திலிருந்து கொண்டுவந்த பொம்மையும் கவுனும் பெட்டிக்குள்ளேயே கிடந்தன. சொக்கலேட் டப்பாவை மட்டும் ஷாமிளா எடுத்துக்கொண்டாள், சிரட்டைகளோடு சேர்த்து அடுக்குவதற்கு.

விஜயகலா பொறுத்தாள். இதை அவன் யாரிடம் வேண்டுமானாலும் சொல்வான். ஒரு நாள்கூட மகளை அதட்டவில்லை, இழுக்கவில்லை. மாலையில் காம்பரா வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்து மகள் சுவரில் கோடு போடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். "இன்னைக்கும் இல்ல" என்பாள் தனக்குள். அவ்வளவுதான்.

பத்தொன்பதாம் நாள் மழை பிடித்துக்கொண்டது.

சப்ரகமுவப் பக்கத்து மழையைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. ஆகஸ்ட் என்றும் பார்க்காது, ஆடி என்றும் பார்க்காது. மரம் நனைந்தால் பால் வெட்ட முடியாது. பட்டையில் தண்ணீர் வழியும், பால் அதோடு கரைந்து தரைக்குப் போய்விடும். ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் கங்காணி "இன்னைக்கு வெட்டு இல்ல" என்று சொல்லி எல்லாரையும் திருப்பி அனுப்பினார். காத்தமுத்து காம்பராவுக்கு வந்தான். ஷாமிளா வாசலில் சட்டையோடு தயாராக நின்றாள். சுவரில் அன்றைக்கு மேல் துண்டு மரம் இருந்தது.

"இன்னைக்கு இல்லம்மா. மழ பாரு, மழ" என்றான் அவன்.

அவள் படத்தைத் தொட்டாள். வாசலைத் தொட்டாள். மறுபடி படத்தைத் தொட்டாள். அப்புறம் தொடங்கிவிட்டாள். சுவரில் முதல் மோதல் விழுந்தபோதே அவன் ஓடிப்போய் நடுவில் தன் கையை வைத்தான். கை எலும்பு நோகும்படி மோதினாள். போன வருசத்துத் தழும்பு சிவந்துவிட்டது. டீச்சரும் அவனும் போட்ட திட்டத்தில் எல்லாம் இருந்தது, மழை மட்டும் இல்லை. றப்பர் மலைக்காரன் மழையை மறந்து ஒரு மாசத்துக்குத் திட்டம் போட்டிருக்கிறானே என்று தன்மேலேயே அவனுக்கு ஆத்திரம் வந்தது.

விஜயகலா அடுப்பை விட்டு எழுந்தாள். "வெட்டுதானே இல்ல? மலைக்குப் போகக் கூடாதுன்னு யாரு சொன்னா?"

"அட்ட கடிச்சுத் தின்னுரும் கலா. ஈரத்துல வழுக்கி விழுவீங்க."

"கடிச்சா கடிக்கட்டும்." குடையை எடுத்து விரித்தாள். மகளைத் தொடவில்லை, கூப்பிடவும் இல்லை. மழைக்குள் இறங்கி மேல் துண்டுப் பக்கம் நடந்தாள். ஷாமிளாவின் கத்தல் பாதியில் நின்றது. அவள் ஓடிப்போய்க் குடைக்குப் பத்தடி பின்னால் நடக்கத் தொடங்கினாள்.

காத்தமுத்து கொஞ்ச நேரம் வாசலில் நின்றான். அப்புறம் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு பின்னாலேயே போனான். விழுந்துவிட்டால் தூக்க ஆள் வேண்டாமா என்றுதான் போனான். மேல் துண்டில் பத்துப் பன்னிரண்டு மரம் தள்ளி நின்று பார்த்தான். ஷாமிளா நனைந்த ஒட்டுப்பாலை உரித்துக்கொண்டு மரம் மரமாகப் போனாள். விஜயகலா குடையை மகளுக்கு மேலே பிடித்துத் தான் நனைந்துகொண்டு போனாள். ஒரு மரத்தில் வெட்டு உயரத்தில் இருந்தது. ஷாமிளாவுக்கு எட்டவில்லை. அவள் திரும்பிப் பார்த்தாள். அப்பாவைத் தேடுகிறாள் என்று அவன் ஓர் அடி எடுத்து வைத்தான்.

அவள் அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடித்து, தூக்கி, அம்மாவின் விரலைப் பட்டையில் கொண்டுபோய் வைத்தாள்.

விஜயகலா உரித்துக் கொடுத்தாள். அடுத்த மரத்திலும் பிடித்தாள். அதற்கடுத்ததிலும். எட்டுகிற உயரத்தில் இருந்ததற்கும் பிடித்தாள். காத்தமுத்து மரத்தோடு மரமாக நின்றான். சந்தோசப்பட வேண்டிய நேரம் என்று அவனுக்குத் தெரிந்தது. ஆனால் நெஞ்சுக்குள் எரிந்தது. தனக்கு மூன்று வருசம். இவளுக்குப் பத்தொன்பது நாள். கடிபட்டது, மோதலுக்குக் கை கொடுத்தது, தூக்கம் கெட்டது, லயத்துக்காரர் பேச்சுக் கேட்டது எல்லாம் அவன். நாலு வருசம் எங்கேயோ இருந்துவிட்டு மணக்க மணக்க வந்தவளுக்கு அந்தக் கையைக் கொடுத்துவிட்டாளே. இப்படி நினைத்ததற்கு அவன் பிறகு எத்தனையோ தடவை தன்னையே அறைந்துகொண்டான். ஆனால் அன்றைக்கு நினைத்தான். சத்தம் காட்டாமல் திரும்பி வந்துவிட்டான்.

மத்தியானம் இருவரும் தொப்பலாக வந்தார்கள். விஜயகலா காலில் ஒட்டியிருந்த அட்டைகளுக்குச் சவர்க்காரம் தேய்த்துக்கொண்டே சொன்னாள், "என்னயத் தேடுறான்னு ஒரு நிமிசம் நெனச்சேங்க. என் கையப் புடிச்சா. அப்புறம் பாத்தா, காய் பறிக்கிற கொக்கத்தடி மாதிரி வச்சுப் பட்டைய இழுக்குறா. மூஞ்சியப் பாக்கவே இல்ல. கை மட்டும் போதும்போல அவளுக்கு."

அது கொக்கத்தடி இல்லை கலா, அதுதான் அவள் கூப்பிடுவது என்று சொல்ல அவனுக்கு ஒரே ஒரு வாக்கியம் போதும். உலகத்தில் அது தெரிந்த ஆள் அவன் ஒருத்தன்தான்.

"ம்" என்றான்.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் ஷாமிளா எட்டு மணிக்கு ஒற்றையடிப் பாதையைப் பார்ப்பதை அவன் கவனித்தான். ரொட்டிக்காக என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அம்மாவின் கையைப் பிடிப்பது நாளுக்கு நாள் கூடியது. விஜயகலா கையைக் கொடுத்தாள். ஆனால் ஒவ்வொரு தடவையும் மகளின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், முகம் திரும்பவே இல்லை.

டிக்கெட் நாளுக்கு முந்திய நாள் பின்னேரம் அவள் துணிகளை மடித்துக்கொண்டே கேட்டாள்.

"என்னங்க, நான் இருக்கவா, போகவா?"

அவன் கத்தி தீட்டிக்கொண்டிருந்தான். தீட்டுவதை நிறுத்தவில்லை.

"ஒங்களத்தான். ஒங்க வாயால ஒரு வார்த்த சொல்லுங்க. அவ என்னயத் தேடலன்னு எனக்குத் தெரியும். நீங்க இருன்னு சொன்னா இருக்கேன்."

"ஒன் இஷ்டம்" என்றான் காத்தமுத்து.

அவள் கடைசித் துணியையும் மடித்தாள். அப்புறம் மடித்த துணிகளைப் பெட்டிக்குள் வைத்தாள்.

மறுநாள் காலையில் வேன் வந்தது. ஷாமிளா இஸ்தோப்பில் சிரட்டை அடுக்கிக்கொண்டிருந்தாள், தலையைத் தூக்கவில்லை. விஜயகலா மகளுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, தொடாமல், "போய்ட்டு வாறேன் தங்கம்" என்றாள். வேன் திரும்பும் வரை கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே போனாள். சில்லு சுற்றுவதைக்கூட ஷாமிளா பார்க்கவில்லை.

அடுத்த நாள் மேல் துண்டு. பளிச்சென்று வெயில். ஷாமிளா முதல் மரத்தில் உரித்தாள், இரண்டாவதில் உரித்தாள். எட்டு மணிக்கு நிறுத்திவிட்டுப் பாதையைப் பார்த்தாள். காத்தமுத்து கொண்டுவந்திருந்த ரொட்டியை இலையில் வைத்துக் கொடுத்தான். தொடவில்லை. பாதையில் இறங்கி வளைவு வரை போய் நின்றாள். திரும்பி வந்தாள். மறுபடி போனாள். சிரட்டைகள் நிறைந்து, பாலை வாளியில் ஊற்றி, பால் நிறுக்கும் மடுவத்தில் கொடுத்துவிட்டு அவன் வரும்போதும் அவள் வளைவில்தான் நின்றாள்.

"வாம்மா, பீலிக்குப் போவோம்" என்று கையை நீட்டினான்.

அவள் அந்தக் கையைப் பார்த்தாள். பிடித்தாள். திருப்பி உள்ளங்கையைப் பார்த்தாள், மேலே ஒரு தடவை பார்த்தாள், பிறகு விட்டுவிட்டாள்.

மூன்றாம் நாள் அவள் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வரத் தொடங்கியது. அழுகை இல்லை, கத்தல் இல்லை. கன்றை ஓட்டிக்கொண்டு போன பிறகு மாடு போடுமே, அந்தச் சத்தம். எட்டு மணிக்குத் தொடங்கும், வெயில் ஏறும்வரை நிற்காது. லயத்தில் எல்லாருக்கும் கேட்டது. மூக்காயி தன் மகனை இடுப்போடு இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்து நின்று பார்த்தாள். "அம்மாவத் தேடுதுண்ணே" என்றாள். "வாயில்லாட்டி என்னா, தேடாமப் போகுமா?"

பள்ளிக்கூடம் திறந்தது. டீச்சர் அவளைக் கூட்டிப்போக வந்தாள். ஷாமிளா வளைவைவிட்டு அசையவில்லை. லீவு முழுக்க நடந்ததை டீச்சர் அவன் வாயால் கேட்டாள். மழை நாளை மட்டும் அவன் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமைகளில் நாலு மணிக்கு விஜயகலா குவைத்திலிருந்து தெஹியோவிட்டவில் இருக்கும் நுஹ்மானின் கொமினிகேசன் கடைக்குப் போன் எடுப்பாள். நாலு வருசமாக அதுதான் ஏற்பாடு. காத்தமுத்து மகளைக் கூட்டிக்கொண்டு மூன்று கட்டையும் இறங்கினான். அவள் ஐந்தடி பின்னால் வந்தாள்.

"வாங்கண்ணே, உக்காருங்க. புள்ளைக்கு என்னா, மெலிஞ்சு போச்சு?" என்றான் நுஹ்மான். கடையில் நின்ற சிங்களப் பெண் ஷாமிளாவின் நெற்றியைப் பார்த்துவிட்டு "அனே, பவ்" என்று பாவப்பட்டு உச்சுக்கொட்டினாள். போன் அடித்தது.

"அலோ? நல்லா இருக்கீங்களா? புள்ள எப்படி இருக்கா?"

நல்லா இருக்கா என்று சொல்லத்தான் அவன் வந்திருந்தான். வழியெல்லாம் அதைத்தான் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தான். ரெண்டு வருச ஒப்பந்தம், பாஸ்போட் மேடம் கையில். சொல்லி ஆகப்போவது ஒன்றும் இல்லை. ஆனால் அவள் குரலைக் கேட்டதும் அந்தப் பொய் வாயிலிருந்து வரவில்லை.

"ஒன்னயத் தேடுறா கலா."

"சும்மா சொல்லாதீங்க."

"நெசமா. எட்டு மணியானா பாதையில போய் நிக்கிறா. நான் குடுத்தா திங்க மாட்டேங்கிறா. ஒரு கெழமையா இப்படித்தான்."

அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு வந்தது. "என்னயவா? என்னயவா தேடுறா?" என்று இரண்டு தடவை கேட்டாள். அவள் அப்படிச் சிரித்து அவன் கேட்டு வெகு நாளாகிறது. அப்புறம் சிரிப்பு எங்கேயோ தடுக்கி உடைந்தது. "போனக் குடுங்க, போன அவகிட்டக் குடுங்க."

அவன் ரிசீவரை ஷாமிளாவின் காதில் வைத்தான். "தங்கம், தங்கம்" என்று உள்ளே சத்தம் கேட்டது. ஷாமிளா தலையை விலக்கிக்கொண்டாள். அம்மாவின் குரலை அவள் ஒருநாளும் தேடியதில்லை.

"கேட்டாளா?"

"இல்ல. அவளுக்குக் கைதான் கலா. அன்னைக்கு மழைக்குள்ள ஒன் கையப் புடிச்சாளே, அது கொக்கத்தடி இல்ல. நம்புனாத்தான் அவ கையப் புடிப்பா. எனக்குக் கெடைக்க மூணு வருசமாச்சு."

"இது ஒங்களுக்கு எப்பத் தெரியும்?" என்று கேட்டாள்.

"அன்னைக்கே தெரியும். நான் மரத்துக்குப் பின்னால நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

"இருக்கவா போகவான்னு ஒங்களக் கேட்டேனே."

"கேட்ட."

"ஏங்க சொல்லல?"

நுஹ்மான் எழுந்து கடை வாசலுக்குப் போய்விட்டான். காத்தமுத்து ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"எரிச்சலா இருந்துச்சு. எனக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான். அதையும் ஒனக்குக் குடுத்துட்டாளேன்னு."

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தான். மண்ணை வாரித் தூற்றினாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தான். அவள் திட்டவில்லை. அந்தப் பக்கம் ஒரு சின்னப் பிள்ளை ஏதோ கேட்டு அவளைக் கூப்பிட்டது. அவள் அதற்குப் பதில் சொல்லவில்லை. அது மறுபடி கூப்பிட்டது.

"இப்ப யாரு கையப் புடிக்கிறா?" என்று கேட்டாள்.

காத்தமுத்து திரும்பிப் பார்த்தான். ஷாமிளா கண்ணாடி அலுமாரி ஓரத்தில் இரண்டு கையையும் கக்கத்துக்குள் இறுக்கிக்கொண்டு நின்றாள்.

"யாரு கையயும் இல்ல."

"ஒங்க கைய?"

"என் கையயும் இல்ல கலா."

இரண்டு பேரும் போனை வைக்கவில்லை. அந்தப் பிள்ளை மூன்றாவது தடவை கூப்பிட்டு, வராமல் போகவே அழத் தொடங்கியது. விஜயகலா எழுந்து போகவில்லை. அழுகை இங்கே தெஹியோவிட்ட வரை கேட்டுக்கொண்டிருந்தது.